மெடியா: மருந்தும் வாளும்

மெடியா கிரேக்கத் தொன்மங்களில் வரும் மந்திரக்காரி. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா அமைந்துள்ள பகுதியில், கொல்கிஸ் என்ற நாட்டை ஆண்ட ஏயேட்டஸின் மகள். சூரியக் கடவுள் ஹீலியோஸின் பேத்தி. ஒடிசியில் மனிதர்களைப் பன்றிகளாக்கும் கிர்க்கே இவளுக்கு அத்தை. மெடியா என்ற பெயர், சிந்தித்தல், திட்டமிடுதல் ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்க வினைச்சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

அறிமுக நூல்கள் இவளை ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன: கணவன் கைவிட்டதால் பெற்ற பிள்ளைகளையே கொன்ற சூனியக்காரி. அந்த வரியில் உள்ள இரண்டு செய்திகளும் தனித்தனியே சரியானவை. சேர்த்துச் சொல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது. அவள் சூனியக்காரி, ஆகவே பிள்ளைகளைக் கொன்றாள் என்று அது பொருள்பட்டுவிடுகிறது. மெடியா மருந்தாலும் மந்திரத்தாலும் செய்த செயல்கள் பல உண்டு. பிள்ளைகளின் கொலை அவற்றில் ஒன்றல்ல. யூரிப்பிடிஸின் நாடகத்தில் அது வாளால் நடக்கிறது. அந்த நாடகம் ஏன் இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக வாசகரைத் தொந்தரவு செய்துவருகிறது என்பதற்கான விடையின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

கதை

இயோல்கஸ் நாட்டின் அரசுரிமையைக் கேட்டுவந்த ஜேசனை அகற்றுவதற்காக, அங்கு ஆண்டுகொண்டிருந்த பெலியாஸ் அவனைக் கொல்கிஸுக்கு அனுப்புகிறான். அங்குள்ள தங்க ஆட்டுத்தோலைக் கொண்டுவர வேண்டும். ஆர்கோ என்ற கப்பலில் வீரர்களுடன் சென்ற ஜேசனுக்கு ஏயேட்டஸ் ஒரு சோதனை வைக்கிறான். நெருப்பு கக்கும் எருதுகளை ஏரில் பூட்டி உழ வேண்டும். நாகத்தின் பற்களை விதைத்து, அவற்றிலிருந்து முளைக்கும் வீரர்களை வெல்ல வேண்டும். ஜேசன்மேல் காதல் கொண்ட மெடியா, நெருப்பு சுடாதிருக்க உடலில் பூசும் தைலத்தைத் தருகிறாள். ஆட்டுத்தோலைக் காக்கும் நாகத்தை உறங்கவைக்கிறாள். தந்தையையும் நாட்டையும் விட்டு அவனோடு கப்பலேறுகிறாள். துரத்திவந்த அவளுடைய தம்பி அப்சிர்ட்டஸ் வழியில் கொல்லப்படுகிறான். அதை யார், எங்கே செய்தார் என்பதில் நூல்கள் மாறுபடுகின்றன.

இயோல்கஸில் பெலியாஸின் பெண்களிடம், முதியவரை இளைஞராக்க முடியும் என்று காட்டுவதற்காக ஒரு கிழட்டு ஆட்டுக்கடாவை வெட்டிக் கொப்பரையில் இட்டு, குட்டியாக வெளியே எடுக்கிறாள். அவர்களும் நம்பித் தம் தந்தையை வெட்டிவிடுகிறார்கள். பெலியாஸ் எழவில்லை. இக்காட்சி கி.மு. 6ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் மட்பாண்டங்களிலேயே வரையப்பட்டிருக்கிறது. மெடியாவைப் பற்றிய பழைய, பரவலான கதை இதுதான். அதன்பின் ஜேசனும் மெடியாவும் கொரிந்து நகருக்குத் தப்பிச் செல்கிறார்கள். அங்கே ஜேசன் மன்னன் கிரயோனின் மகளை மணக்க முடிவுசெய்கிறான்.

மருந்து

மெடியாவின் தொழிலைக் குறிக்கக் கிரேக்கர்கள் பயன்படுத்திய மையச் சொல் ஃபார்மகோன். நோய் தீர்ப்பது, கொல்வது, காதலை மூட்டுவது ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரே சொல்தான். ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வோர் இடத்திலும் இது மருந்தா, நஞ்சா, மந்திரமா என்று முடிவுசெய்யத் திணறுவதுண்டு. தமிழில் அந்தச் சிரமம் குறைவு. உயிர் காப்பதும் மருந்துதான், எலியைக் கொல்வதும் பூச்சியைக் கொல்வதும் மருந்துதான். கணவனை வசப்படுத்தச் சோற்றில் கலப்பதாக ஊரார் பேசுவதும் மருந்து வைப்பதுதான். மெடியாவை மருந்துக்காரி என்று சொன்னால் கிரேக்கச் சொல்லின் அத்தனை பக்கங்களும் ஏறத்தாழ வந்துவிடும். சூனியக்காரி என்று சொன்னால் ஒரு பக்கம் மட்டுமே வரும்.

ஏதென்ஸில் இது தொன்மத்தோடு நின்றுவிட்ட அச்சம் அல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டு வழக்குரையாளர் ஆன்டிபோன் எழுதியதாக உள்ள நீதிமன்ற உரை ஒன்றில், தன் தந்தையை மாற்றாந்தாய் மருந்து கொடுத்துக் கொன்றாள் என்று ஒரு மகன் வழக்காடுகிறான். மருந்தை மதுவில் கலந்து ஊற்றியவள் வேறொரு பெண். தன் ஆடவனின் அன்பைத் திரும்பப் பெறும் மருந்து அது என்று நம்பி அவள் ஊற்றியிருக்கிறாள். அவள் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டாள். வீட்டுக்குள் அடைபட்டு, சமையலையும் நோயாளியையும் பார்த்துக்கொண்ட பெண்ணின் கையில் இருந்த ஒரே ஆயுதமாக ஆண்கள் மருந்தைக் கண்டார்கள். யூரிப்பிடிஸின் பார்வையாளர்கள் மெடியா என்ற பெயரைக் கேட்டதும் எதை எதிர்பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்க இது போதும்.

ஆனால் கதையின் முதல் மந்திரம் மெடியா செய்தது அல்ல, அவளுக்குச் செய்யப்பட்டது. பிண்டார் கி.மு. 462இல் சைரீன் நாட்டு மன்னன் ஆர்கெசிலாஸின் தேரோட்ட வெற்றிக்காகப் பாடிய நீண்ட பாடலில் இது தெளிவாக இருக்கிறது. காதல் தெய்வமான அப்ரோடைட்டி ஒரு பறவையை நான்கு ஆரச் சக்கரத்தில் கட்டி, வசியச் சக்கரமாக முதன்முதலில் மனிதருக்குக் கொண்டுவருகிறாள். ஜேசனுக்கு மந்திரச் சொற்களையும் கற்றுத்தருகிறாள். மெடியா தன் பெற்றோர்மேல் வைத்திருந்த மதிப்பை அவளிடமிருந்து பறிப்பதற்காகவே இந்த ஏற்பாடு. மந்திரக்காரி என்று பெயரெடுத்தவள் வசியம் வைக்கப்பட்டவளாகக் கதைக்குள் நுழைகிறாள். வசியம் வைத்தவனை எவரும் மந்திரவாதி என்று அழைப்பதில்லை. இந்த ஒரு செய்தியைச் சேர்த்துக்கொண்டால் பின்னால் நடக்கும் எல்லாவற்றின் எடையும் மாறிவிடுகிறது. ஆயினும் மெடியாவைப் பற்றிய கட்டுரைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுவே.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பல்லோனியஸ் எழுதிய ஆர்கோனாட்டிகா காவியத்தில் சக்கரத்திற்குப் பதிலாகக் காதல் தெய்வத்தின் மகன் ஈரோஸின் அம்பு வருகிறது. அக்காவியத்தின் மூன்றாம் பகுதியில் மெடியா உறங்காமல் கழிக்கும் இரவு பண்டைய இலக்கியத்தின் மிகச் சிறந்த பக்கங்களில் சேரும். தந்தைக்குத் துரோகம் செய்வதா, ஜேசனைச் சாகவிடுவதா என்று தீர்மானிக்க முடியாமல், தான் செத்துவிடலாம் என்று மருந்துப் பெட்டியை மடியில் வைத்துத் திறக்கப் போகிறாள். சாவின் பயமும் வாழ்வின் இன்பங்களின் நினைவும் அவளைத் தடுக்கின்றன. பெட்டியை அகற்றிவிடுகிறாள். எந்த மருந்து எதைச் செய்யும் என்று அறிந்தவளுக்குத் தன் நோய்க்கு மட்டும் அந்தப் பெட்டியில் மருந்து இல்லை. அப்பல்லோனியஸ் இதை விளக்கிச் சொல்லாமல் காட்சியாகவே விட்டுவிடுகிறார்.

கி.மு. 431

யூரிப்பிடிஸின் மெடியா கி.மு. 431இல் ஏதென்ஸின் டயோனிசஸ் விழாவில் அரங்கேறியது. பெலொப்பொன்னேசியப் போர் தொடங்கிய ஆண்டும் அதுவே. மூன்று நாடகாசிரியர்கள் பங்கேற்ற போட்டியில் யூரிப்பிடிஸ் மூன்றாம் இடம் பெற்றார். முதலிடம் ஈஸ்கிலஸின் மகன் யூபோரியனுக்கு, இரண்டாமிடம் சோபோக்கிளிஸுக்கு. ஏதென்ஸ் மக்கள் மெடியாவை வெறுத்ததற்கு இது சான்று என்று அடிக்கடி எழுதப்படுகிறது. பரிசு ஒவ்வொருவரின் நான்கு நாடகங்களுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது என்பதால் அந்த முடிவு வலுவற்றது.

அந்த நாடகத்துக்கு முன்பும் மெடியாவின் பிள்ளைகள் கொரிந்துவில் இறந்ததாகக் கதைகள் இருந்தன. கொன்றவர்தான் வேறு. பிள்ளைகளை இறவாதவர்களாக்கும் நம்பிக்கையில் மெடியா அவர்களை ஹீரா கோயிலில் மறைத்துவைத்தபோது அவர்கள் இறந்துபோனதாக ஒரு மரபு. அவள் கிரயோனைக் கொன்றுவிட்டு ஏதென்ஸுக்குத் தப்பிச்சென்றபோது, கோயிலில் விட்டுச்சென்ற பிள்ளைகளைக் கிரயோனின் உறவினர்கள் கொன்றுவிட்டு, தாயே கொன்றாள் என்று வதந்தி பரப்பியதாக மற்றொரு மரபு. நஞ்சு தோய்ந்த பரிசுகளைக் கொண்டுசென்ற குற்றத்துக்காகக் கொரிந்து மக்கள் அவர்களைக் கல்லால் அடித்துக் கொன்றதாகப் பயண நூலாசிரியர் பவுசானியாஸ் பதிவுசெய்கிறார். பழியை மெடியாமேல் போடுவதற்காகக் கொரிந்து மக்கள் யூரிப்பிடிஸுக்கு ஐந்து டாலந்து கொடுத்தார்கள் என்று பண்டைய உரைக்குறிப்பு ஒன்று கூறுகிறது. இது வம்புப் பேச்சு. எனினும் தாயே வேண்டுமென்று பிள்ளைகளைக் கொல்வது கதைக்குப் புதிதாக வந்து சேர்ந்தது என்று பண்டைய வாசகர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. நியோஃப்ரோன் என்பவரின் நாடகத்திலிருந்து யூரிப்பிடிஸ் இதை எடுத்துக்கொண்டார் என்ற பழைய குற்றச்சாட்டும் உண்டு. அதை அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை.

இவ்வளவு பயங்கரமான செயலை மெடியாவுக்குக் கொடுக்க முடிவுசெய்த ஒருவர், அவளை மேடையில் முழுமையான மந்திரக்காரியாகக் காட்டியிருக்கலாம். பார்வையாளர்களுக்கும் அது எளிதாக இருந்திருக்கும். யூரிப்பிடிஸ் நேர்மாறாகச் செய்தார். மேடையில் மந்திரச் சடங்கு எதுவும் இல்லை. கொப்பரை இல்லை. தன் வீட்டு அடுப்படியில் குடியிருக்கும் ஹெக்கடேயின் பெயரால் மெடியா ஒருமுறை ஆணையிடுகிறாள். ஆடையில் மருந்து பூசப்போவதாகச் சொல்கிறாள், பூசுவதை யாரும் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து வெளியே வந்து கொரிந்துப் பெண்களிடம் அவள் பேசும் முதல் பேச்சில் மந்திரத்தின் வாடையே கிடையாது. பெருந்தொகை சீதனம் கொடுத்துக் கணவனை வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கிய பின் அவன் நல்லவனா என்பது தெரியாது. மணமுறிவு பெண்ணுக்கு அவப்பெயர். புது வீட்டின் வழக்கங்களைக் கற்றுத்தர யாருமில்லை. பிள்ளைப்பேற்றின் ஆபத்தைவிடப் போர்க்களத்தில் நிற்பது எளிது என்று வாதங்களை அடுக்குகிறாள். 1907இல் கில்பர்ட் மரேயின் மொழிபெயர்ப்பில் இந்நாடகம் லண்டனில் நடிக்கப்பட்டது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்கள் இந்தப் பேச்சைத் தங்கள் குரலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நாடகத்தில் மெடியாவைக் குறித்துத் திரும்பத் திரும்ப வரும் சொல் சோஃபே, அறிவுடையவள். கிரயோன் அவளை நாடு கடத்துவதற்குச் சொல்லும் காரணமும் அவளுடைய அறிவுதான். அறிவுள்ள பெண்ணை ஊருக்குப் பயன்படாதவள் என்று மூடர்கள் நினைக்கிறார்கள், அறிவாளிகளோ தங்களைவிட மேலானவளோ என்று அஞ்சுகிறார்கள் என்பது அவளுடைய பதில். பதிலைக் கேட்ட பின்னும் கிரயோன் ஒரு நாள் அவகாசம் தருகிறான். அந்த அவகாசத்தைப் பெற அவள் பயன்படுத்துவது மந்திரம் அல்ல, பிள்ளைகளை முன்னிறுத்திய கெஞ்சல்.

கிரயோன் போனதும் அவள் எதிரிகளைக் கொல்லும் வழிகளை எண்ணிப் பார்க்கும் பகுதி கூர்ந்து வாசிக்கத்தக்கது. மணமக்களின் வீட்டுக்குத் தீ வைக்கலாம். இருட்டில் நுழைந்து வாளால் குத்தலாம். ஆனால் வாளோடு பிடிபட்டால் எதிரிகள் சிரிப்பார்கள். ஆகவே தான் கைதேர்ந்த வழியான மருந்தே நல்லது என்று முடிவுசெய்கிறாள். வாள் இங்கே ஒருமுறை கைக்கெடுத்துக் கீழே வைக்கப்படுகிறது. இளவரசிக்கும் கிரயோனுக்கும் மருந்துதான். பாட்டன் ஹீலியோஸ் வழிவந்த மெல்லிய ஆடையையும் தங்க முடியையும் பிள்ளைகள் எடுத்துச் செல்கிறார்கள். இளவரசி அணிந்து கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறாள். முடியிலிருந்து நெருப்பு எழுகிறது, ஆடை சதையைத் தின்கிறது. மகளை அணைத்த தந்தை அவள் உடலிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொள்ள முடியாமல் சாகிறான். தூதுவன் ஏறத்தாழ நூறு வரிகளில் விவரிக்கும் இந்தக் கொடூரம் முழுவதும் மந்திரக்காரியின் கைவேலை. பார்வையாளர்கள் எதிர்பார்த்து வந்ததும் இதுவே.

அதன்பிறகு, கீழே வைத்த வாளை அவள் எடுக்கிறாள். அவளிடம் மருந்து தீர்ந்துவிடவில்லை. வலியில்லாத மருந்து ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்க முடியாதா என்று நாடகத்தில் எவரும் கேட்பதில்லை. தன் கையிடமே பேசி அதை வாளெடுக்கச் சொல்லிவிட்டு வீட்டினுள் நுழைகிறாள். உள்ளிருந்து பிள்ளைகளின் கூக்குரல் கேட்கிறது. தொலைவிலிருந்து கொல்வது மருந்தின் இயல்பு. பரிசாக அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். வாள் அப்படியல்ல, கொல்கிறவள் அருகில் இருக்க வேண்டும், பிள்ளையைப் பிடித்திருக்க வேண்டும். யூரிப்பிடிஸ் மந்திரக்காரியின் கையிலிருந்து மந்திரத்தை வாங்கிவைத்துவிட்டு, எந்தத் தாயாலும் செய்யக்கூடிய ஒன்றாக அச்செயலை ஆக்கினார். பார்வையாளர்களுக்குத் தப்பிச்செல்ல இருந்த வழியை அவர் அடைத்துவிட்டார். அவள் நம்மைப் போன்றவள் அல்ல என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கொலைக்கு முன்பு வரும் நீண்ட தனிமொழியும் இதையே உறுதிசெய்கிறது. பிள்ளைகளின் கண்களையும் சிரிப்பையும் பார்த்து மனம் மாறுகிறாள், மீண்டும் உறுதிகொள்கிறாள், மீண்டும் தளர்கிறாள். இதன் பிற்பகுதியைப் பின்னாளில் யாரோ சேர்த்தது என்று நீக்கிவிட விரும்பும் பதிப்பாசிரியர்கள் உண்டு. அவ்வரிகளில் முரண்பாடு உள்ளது உண்மைதான். மனிதர்கள் அப்படிப்பட்ட நேரத்தில் முரண்பாடில்லாமல் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது பதிப்பாசிரியரின் பழக்கம். செய்யப்போவது எவ்வளவு தீயது என்று தெரிந்தே, சினம் தன் ஆலோசனைகளைவிட வலியது என்று அவள் சொல்வது பின்வந்த தத்துவ ஆசிரியர்களும் எடுத்துப் பேசிய இடம். மந்திரத்தால் ஆட்டுவிக்கப்பட்ட ஒருத்தி இப்படிப் பேசமாட்டாள்.

ஏகியஸ் காட்சி

பாதி நாடகத்தில் ஏதென்ஸ் மன்னன் ஏகியஸ் எந்த முன்னறிவிப்பும் இன்றி வந்து போகிறான். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் இதைக் காரணமில்லாத நிகழ்வு என்று குறைகூறினார். கடைசியில் மெடியா வான்தேரில் தப்புவதையும் அவர் ஏற்கவில்லை. கதையமைப்பின் விதிகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் குறைகளே. ஆனால் ஏகியஸ் வருவது பிள்ளையில்லாத குறையோடு. டெல்பியில் குறி கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் வருகிறான். பிள்ளையில்லாத ஆண் எவ்வளவு உடைந்துபோனவன் என்பதை மெடியா கண்ணெதிரே காண்கிறாள். அவன் போன பிறகே பிள்ளைகளைக் கொல்லும் திட்டத்தை அவள் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள். அரிஸ்டாட்டில் தேடிய காரணம் நிகழ்ச்சிக் கோவையில் இல்லை, மெடியாவின் சிந்தனையில் இருக்கிறது.

ஏகியஸிடம் அவள் இரண்டு செய்கிறாள். தன் மருந்தால் அவனுக்குப் பிள்ளை பிறக்கச் செய்வதாக வாக்களிக்கிறாள். நாடகத்தில் மருந்து உயிர் தருவதாக வருவது இங்கு மட்டும்தான். அதற்கு ஈடாக அடைக்கலம் கேட்டு, பூமியின் பேராலும் சூரியனின் பேராலும் அவனை ஆணையிட வைக்கிறாள். வாய்ச்சொல் போதாது என்கிறாள். ஜேசன் வலக்கை பிடித்துக் கொடுத்த ஆணையை மீறிய பிறகு அவளுக்கு வாய்ச்சொல் போதாதுதான். நாடகம் முழுவதும் அவளுடைய முறையீடு பொறாமையைப் பற்றியதைவிட உடைந்த ஆணையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஜேசனோ அவள் படுக்கைக்காகப் பொருமுகிறாள் என்றே கடைசிவரை சொல்கிறான்.

அயலவள்

ஜேசனின் தற்காப்புப் பேச்சு நாடகத்தின் மிகக் கசப்பான நகைச்சுவை. தன்னைக் காப்பாற்றியது மெடியா அல்ல, அப்ரோடைட்டியே என்கிறான். நாகரிகமற்ற நாட்டிலிருந்து கிரேக்கத்துக்கு வந்து நீதியையும் சட்டத்தையும் அறிந்ததே அவளுக்குக் கிடைத்த பெரும் பேறு என்கிறான். ஆணையை மீறியவன் சட்டத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஏதென்ஸ் பார்வையாளர்களுக்கு வேறொரு சட்டமும் நினைவில் இருந்திருக்கும். கி.மு. 451இல் பெரிக்கிளீஸ் முன்மொழிந்து நிறைவேறிய சட்டப்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. அயல்நாட்டுப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளின் நிலை என்ன, அத்தகைய பெண்ணை விட்டுவிட்டு உள்ளூர்ப் பெண்ணை மணப்பவனுக்கு என்ன லாபம் என்பது அவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத கணக்கு. புது மனைவிக்குப் பிறக்கும் இளவரசர்களை உடன்பிறப்புகளாகப் பெறுவது மெடியாவின் பிள்ளைகளுக்கே நல்லது என்று ஜேசன் சொல்வதை, கேட்டவர்களில் சிலர் நியாயம் என்றே எண்ணியிருக்கக்கூடும். அதே பார்வையாளர்கள், பிள்ளைகளைக் கொன்றவள் சூரியன் தந்த தேரில் ஏறித் தங்கள் நகரத்துக்கே வருவதைக் கடைசியில் பார்க்க வேண்டியிருந்தது. தூய்மையான ஆறுகளின் நகரம் இவளை எப்படி ஏற்கும் என்று நாடகத்தின் பாடற்குழு முன்பே கேட்டிருந்தது. விடை சொல்லப்படவில்லை.

பிள்ளைகளின் உடல்களைத் தொடவும் ஜேசனை அவள் விடுவதில்லை. ஹீரா கோயிலில் தன் கையால் புதைத்து, கொரிந்துவில் அவர்களுக்காக ஒரு விழா ஏற்படுத்தப்போவதாக அறிவிக்கிறாள். யூரிப்பிடிஸ் பழைய மரபை அழித்துவிடாமல் நாடகத்தின் இறுதியில் அதற்கு ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறார்.

ரோமில் திரும்பிய மந்திரம்

ரோமானியர்கள் மெடியாவுக்கு மந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓவிட் தம் உருமாற்றங்கள் நூலின் ஏழாம் பகுதியில், ஜேசனின் முதிய தந்தை ஏசனை மெடியா இளமையாக்குவதை நூற்றுக்கு மேற்பட்ட வரிகளில் விவரிக்கிறார். மூலிகை தேடி வான்தேரில் மலை மலையாகச் செல்வது, கொப்பரையின் கொதிப்பு, அதைக் கிளறிய உலர்ந்த கொம்பு துளிர்ப்பது எல்லாம் அற்புதமான எழுத்து. பிள்ளைகளின் கொலை நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஓவிட் மெடியாவைப் பற்றித் தனியாக ஒரு துன்பியல் நாடகமும் எழுதினார். அதில் இரண்டு வரிகளே எஞ்சியிருக்கின்றன என்பதால் அங்கே இந்த விகிதம் எப்படி இருந்தது என்று கூற வழியில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் செனெகா எழுதிய மெடியாவில், ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் ஏறத்தாழ 180 வரிகள் மந்திரச் சடங்குக்கே போகின்றன. முதலில் செவிலி பாம்புகளையும் நச்சுப் பூண்டுகளையும் பட்டியலிடுகிறாள், பிறகு மெடியாவே ஹெக்கடேயை அழைக்கிறாள். பிள்ளைகளின் கொலையும் திரைமறைவில் நடப்பதில்லை. இரண்டாம் பிள்ளை ஜேசன் பார்க்கக் கூரைமேல் கொல்லப்படுகிறான். அவள் செல்லும் வானில் தெய்வங்களே இல்லை என்ற கருத்தில் ஜேசனின் கடைசிச் சொற்கள் அமைகின்றன. மேடை வலிமையில் செனெகா குறைந்தவர் அல்லர். எனினும் இந்த மெடியாவைப் பார்த்து அஞ்சுவது எளிது. அவள் தொடக்கத்திலிருந்தே வேறோர் இனத்தைச் சேர்ந்தவளாக இருக்கிறாள். யூரிப்பிடிஸின் மெடியாவிடம் அந்த வசதி கிடைப்பதில்லை. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால நாடகங்களின்மேல் அதிகச் செல்வாக்குச் செலுத்தியவர் செனெகா என்பதும் கவனிக்கத்தக்கது.

ஓவியர்களும் இரு பிரிவாக நிற்கிறார்கள். ஜூலியஸ் சீசர் பெரும் விலைக்கு வாங்கி வீனஸ் கோயிலில் வைத்த திமோமாகஸின் மெடியா ஓவியம் இன்று இல்லை. பாம்பேயி நகரச் சுவரோவியங்களில் மெடியா கையில் வாளோடு நிற்கிறாள். அருகில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். 1838இல் டெலக்ருவா வரைந்த மெடியாவின் கையில் குத்துவாள் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரெடரிக் சாண்டிஸ் 1868இலும் வாட்டர்ஹவுஸ் 1907இலும் வரைந்தது மருந்து காய்ச்சும் அழகியை. இவ்விரு ஓவியங்களில் பிள்ளைகளே இல்லை.

பிற்கால மெடியாக்கள்

பசோலினியின் 1969ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மெடியாவாக நடித்தவர் மரியா காலஸ். கெருபினியின் ஓபராவில் அதே வேடத்தைப் பாடிப் புகழ்பெற்ற அவர் இப்படத்தில் பாடவே இல்லை, அதிகம் பேசவும் இல்லை. பசோலினிக்கு மெடியாவின் மந்திரம் ஏமாற்று வித்தையும் அல்ல, தீமையும் அல்ல. மண்ணோடும் சூரியனோடும் பேசத் தெரிந்த ஒரு பழைய சமயம். கிரேக்கத்துக்கு வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோகிறது. மந்திரத்தை இழிவாக்காமலும் ஒளிக்காமலும் கையாண்ட மறுவாசிப்புகளில் இதுவே சிறந்தது.

கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்த எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃப் 1996இல் வெளியிட்ட மெடியா நாவல், யூரிப்பிடிஸுக்கு முந்தைய மரபுக்குத் திரும்பியது. அதில் மெடியா மருத்துவம் அறிந்தவள், பிள்ளைகளைக் கொல்லாதவள். கொரிந்து மக்களே அவர்களைக் கல்லெறிந்து கொன்றுவிட்டுத் தாய்மேல் பழி போடுகிறார்கள். ஒரு நகரம் தன் குற்றத்தை அயலவள் ஒருத்தியின் தலையில் இறக்கிவைக்கும் முறையை வோல்ஃப் அளவுக்கு யாரும் நுட்பமாக எழுதியதில்லை. ஆனால் கறை துடைக்கப்பட்ட இந்த மெடியாவிடம் யூரிப்பிடிஸின் மெடியா எழுப்பிய கேள்வி இல்லை. வோல்ஃபின் மெடியா குற்றமற்றவள் என்பதால் வாசகர் அவள் பக்கம் நிற்கிறார். யூரிப்பிடிஸின் மெடியா குற்றவாளி. அப்படியிருந்தும் அவளுடைய வாதங்களில் ஒன்றையும் வாசகரால் தள்ளிவிட முடிவதில்லை.

அந்தக் கேள்வி ஒருமுறை அமெரிக்காவின் நீதிமன்றத்துக்கும் வந்தது. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து உறைந்த ஒகையோ ஆற்றைக் கடந்து குடும்பத்தோடு சின்சினாட்டிக்குத் தப்பினார். பிடிக்கவந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, மீண்டும் அடிமையாகப் போகவிடாமல் தம் இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றார். மற்றப் பிள்ளைகளையும் கொல்ல முயன்றார். அவரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிப்பதா, தப்பியோடிய உடைமையாகக் கருதி உரிமையாளரிடம் ஒப்படைப்பதா என்பதே வழக்கு. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வென்றது, அவர் திருப்பி அனுப்பப்பட்டார். டோனி மாரிசன் 1987இல் எழுதிய பிலவட் நாவலின் விதை இந்நிகழ்ச்சி. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரல்ல, நூற்றிருபது ஆண்டுகள் முன்னரே, 1867இல், தாமஸ் சாட்டர்வைட் நோபிள் இதை ஓவியமாக வரைந்தார், அது நவீன மெடியா என்ற பெயரில் அறியப்படுகிறது. கார்னரிடம் மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை, பழிவாங்க ஒரு ஜேசனும் இல்லை. ஓவியத்தில் அவருடைய காலடியில் கிடப்பது இறந்த மகள் அல்ல. நோபிள் அங்கே இரண்டு சிறுவர்களை வரைந்திருக்கிறார்.